குழியை நிரப்பும் பணம் யாருடையது? ஹைதராபாத் சாலைகளும் ‘உதவி’ என்ற சொல்லும்

ரயில்வேப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் பதினோரு ஆண்டுகளாக ஹைதராபாத் சாலைகளின் குழிகளைத் தங்கள் ஓய்வூதியப் பணத்தில் நிரப்பி வருகிறார்கள் என்ற செய்தி 2021 ஜூலையில் நாளேடுகளில் வெளியாயிற்று. தெலங்கானா உயர் நீதிமன்றம் அச்செய்தியைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, பெருநகர ஹைதராபாத் மாநகராட்சியிடம் விளக்கம் கேட்டது. படித்தவர்கள் முதிய இணையரைப் போற்றினார்கள், மாநகராட்சியைச் சாடினார்கள். இரண்டும் நியாயமே. ஆயினும் அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று எஞ்சியது. அந்தக் குழிகளின் மேல் ஓடும் வாகனங்களிடமிருந்து வாகன வரி பெறுவது மாநகராட்சி அன்று, மாநில அரசு. அவ்வாறிருக்க, குழிக்குக் கணக்குக் கேட்கும்போது மாநிலத்தின் போக்குவரத்து வருவாய் ஏன் பேச்சிலேயே வருவதில்லை?

மாநிலத்தின் போக்குவரத்து நிதியிலிருந்து ஒரு நகரத்தின் உள்ளூர்ச் சாலையைச் செப்பனிடலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் அது ஒரு சலுகையைப் பற்றிய விவாதமாகவே நடைபெறுகிறது. ‘மாநிலம் உதவ வேண்டும்’ என்று நகரத்தவர் கேட்கிறார்கள். ‘கிராமத்தான் வரியில் நகரத்துக்கு ஏன் உதவ வேண்டும்’ என்று மறுப்பவர் கேட்கிறார்கள். இரு தரப்பாரும் ‘உதவி’ என்ற சொல்லை ஐயமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்தச் சொல்லே பிழை என்பதும், வாகன வரியில் நகரச் சாலைக்கு உரியது சட்டம் வரையறுத்த பங்கு என்பதும், அப்பங்கு பராமரிப்புக்கு மட்டுமே செல்ல வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அரசமைப்பு. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் அப்பட்டியலில் நான்காவதாக நிற்பது ‘சாலைகளும் பாலங்களும்’. ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 57ஆம் இனமோ வாகனங்களின் மீதான வரியை மாநிலத்துக்கு உரியதாக்குகிறது. பணி ஓரிடத்திலும் அப்பணியோடு இயல்பாகத் தொடர்புடைய வருவாய் வேறிடத்திலும் வைக்கப்பட்டன. இந்த இடைவெளியை நிரப்பவே 243ஒய் பிரிவின்படி மாநில நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்பட வேண்டும். மாநில வரிகளில் நகராட்சிகளுக்கு எவ்வளவு என்று அது பரிந்துரைக்க வேண்டும். தெலங்கானாவில் 2024 தொடக்கத்தில் சிரிசில்லா ராஜய்யா தலைமையில் அத்தகைய ஆணையம் அமைக்கப்பட்டது. ஆனால் ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. சாலைகள் என்ற பணி நகரத்துக்கு வந்துவிட்டது. அதற்குரிய பணம் வரவேண்டிய வழி இன்றும் அரசின் விருப்பத்தைச் சார்ந்தே இருக்கிறது.

அடுத்து, சாலை எதனால் தேய்கிறது என்ற கேள்வி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊரை அடுத்து, 1958 முதல் 1960 வரை பெருஞ்சோதனை ஒன்று நடத்தப்பட்டது. வெவ்வேறு தடிமன் கொண்ட சாலைத் துண்டுகளின் மேல் வெவ்வேறு எடையுள்ள சரக்குந்துகளை ஈராண்டு இடைவிடாது ஓட்டி, எந்த எடை எவ்வளவு சேதம் விளைவிக்கிறது என்று அளந்தார்கள். உலகெங்கும் சாலைப் பொறியியல் மாணவர் இன்றும் படிக்கும் விதி அதிலிருந்து பிறந்தது: அச்சின் மேல் இறங்கும் எடை இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகும். பத்து டன் இறங்கும் ஓர் அச்சு, ஒரு டன் இறங்கும் அச்சைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு தேய்மானத்தை விளைவிக்கும். இது தோராயமான விதியே. மண்ணுக்கும் மேற்பரப்புக்கும் ஏற்ப மாறும். எனினும் அதன் பொருளில் ஐயமில்லை. ஒரு தெருவில் குடியிருப்பவர்களின் இருசக்கர வாகனங்களும் சிறு கார்களும் அத்தெருவின் அடித்தளத்துக்குச் செய்யும் தீங்கு மிகச் சிறிது. சாலையை உடைப்பவை பேருந்தும் சரக்குந்தும் கட்டுமான மணல் ஏற்றிவரும் டிப்பரும் ஆகும்.

அவற்றுக்குத் துணை நிற்பது நீர். மழைநீர் வடியாத சாலையில் தாரும் ஜல்லியும் பிணைப்பு விடுகின்றன. பிணைப்பு விட்ட இடத்தில் கனரகச் சக்கரம் ஏறினால் குழி தோன்றுகிறது. 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் பெய்த பெருமழைக்குப் பிறகு ஹைதராபாத்தின் சாலைகள் இருந்த நிலையை நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இவற்றோடு சேர்வது தோண்டுதல். குடிநீர்க் குழாய்க்காகவும் கழிவுநீர்க் குழாய்க்காகவும் மின்வடத்துக்காகவும் சாலையை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் மாநில அரசின் கீழ் இயங்கும் வாரியமும் மின் பகிர்மான நிறுவனமுமே.

மெஹ்திப்பட்டினத்திலோ கோட்டியிலோ உப்பலிலோ ஒரு பேருந்துத் தடத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கு ஓடும் பேருந்து மாநிலக் கழகத்துடையது. அங்கு ஓடும் சரக்குந்து அண்டை மாவட்டத்திலிருந்தோ அண்டை மாநிலத்திலிருந்தோ வருவது. அவை செலுத்தும் வாகன வரியும், அவை எரிக்கும் டீசலுக்கான மதிப்புக் கூட்டு வரியும் மாநிலக் கருவூலத்துக்குச் செல்கின்றன. தெலங்கானாவில் டீசல் மீதான அவ்வரி 27 விழுக்காடு; பெட்ரோல் மீது 35.2 விழுக்காடு. சாலை மட்டும் மாநகராட்சியுடையது. அதைச் செப்பனிட மாநகராட்சியிடம் உள்ள முதன்மை வருவாய், அத்தெருவில் வீடோ கடையோ வைத்திருப்பவர் கட்டும் சொத்துவரி. சுருங்கக் கூறின், தேய்ப்பவரிடமிருந்து ஓர் அரசு வரி பெறுகிறது; தேய்ந்ததைச் சரிசெய்யும் பொறுப்பு மற்றோர் அரசிடம் இருக்கிறது.

இந்தச் சமனின்மையைவிட வியப்பானது, பணம் எதிர்த்திசையில் சென்ற வரலாறு. தெலங்கானா உருவான பின், நகரப் பேருந்துகளால் சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஏற்படும் நட்டத்தை மாநகராட்சி ஈடுகட்ட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. மாநகராட்சி 336 கோடி ரூபாயை அவ்வகையில் கழகத்துக்குக் கொடுத்தது. 2019 அக்டோபர் 5 அன்று ஆர்.டி.சி. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்; ஐம்பது நாள்களுக்கும் மேல் நீடித்த அப்போராட்டத்தின்போது வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மாநகராட்சி இன்னும் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் தர வேண்டும் என்ற கணக்கு அங்கே பேசப்பட்டது. தன் நிதிநிலை அதற்கு இடங்கொடாது என்றும், அதைத் தருவது தன் கட்டாயக் கடமை அன்று என்றும் மாநகராட்சி நீதிமன்றத்தில் கூறியது. குழி நிரப்பக் காசில்லை என்று அன்றாடம் குற்றம் சாட்டப்படும் ஒரு நகராட்சி, மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் நட்டத்தைச் சுமந்த கதை இது. நகரத்திலிருந்து மாநிலத்தின் பக்கம் சென்ற பணத்துக்கு ‘நிலுவை’ என்று பெயர். மாநிலத்திலிருந்து நகரத்துக்கு வரும் பணத்துக்கு ‘உதவி’ என்று பெயர்.

பேருந்துக்கு நகரம் பணம் தருவது தவறு என்று இதற்குப் பொருளன்று. உலகின் பல நகரங்கள் தங்கள் பொதுப் போக்குவரத்துக்குச் செலவிடுகின்றன, செலவிடத்தான் வேண்டும். 1932 ஜூனில் நிஜாம் அரசின் ரயில்வே 27 பேருந்துகளோடு சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, பேருந்தும் அது ஓடிய முதன்மைச் சாலையும் ஒரே அரசின் பொறுப்பில் இருந்தன. சாலை கெட்டால் பேருந்தின் பழுதுச் செலவு கூடும் என்பது அதே கருவூலத்துக்குத் தெரியவரும். பிற்காலத்தில் பேருந்து ஒரு கழகத்துக்கும், சாலை வேறோர் அமைப்புக்கும், வரி மூன்றாவதான ஒரு துறைக்கும் பிரிந்தன. பிரிவினை நிர்வாகத் தேவையால் நேர்ந்திருக்கலாம். ஆனால் அவற்றுக்கிடையே பணம் எந்த விதிப்படி நகரும் என்பது எழுதப்படாமலே விடப்பட்டது. எழுதப்படாத இடத்தில் வலியவர் சொல் விதியாகிறது.

‘பங்கு’ என்று உரிமை கோருவதற்கு வரலாற்றில் அடிப்படை உண்டா என்று கேட்கலாம். உண்டு. தமிழ் வாசகர்க்கு அண்மையிலேயே உண்டு. சென்னை மாகாணத்தில் உள்ளாட்சிகள் தங்கள் சாலைகளில் சுங்கச்சாவடி அமைத்து வண்டிகளிடம் கட்டணம் பெற்று வந்தன. மோட்டார் வாகனங்கள் பெருகி, ஊருக்கு ஊர் நின்று பணம் கட்டுவது இடையூறானபோது, 1931ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டம் அந்தச் சுங்கங்களுக்கு மாற்றாக மாகாணம் முழுமைக்கும் ஒரே வரியைக் கொண்டுவந்தது. உள்ளாட்சிகள் இழந்த வருவாய்க்கு அந்த வரியிலிருந்து ஈடு தருவது அந்த ஏற்பாட்டின் பகுதி. ஆகவே மாநில வாகன வரி என்பது, உள்ளாட்சிகள் தங்கள் உரிமை ஒன்றை விட்டுக்கொடுத்ததால் கிடைத்த வருவாயாகவும் தொடங்கியது. ஹைதராபாத் அம்மாகாணத்தில் அடங்கியதன்று. ஆனால் ஆந்திரப் பிரதேசம் 1963இல் இயற்றிய மோட்டார் வாகன வரிச் சட்டத்தையே தெலங்கானா இன்றும் தழுவி நிற்கிறது. அச்சட்டத்தின் முன்னோர்களுள் ஒன்று சென்னை மாகாணச் சட்டம். ‘ஈடு’ என்ற கருத்து இதற்குப் புதியதன்று.

அகில இந்திய அளவிலும் இதே எண்ணம் இருந்தது. எம்.ஆர். ஜெயகர் தலைமையில் 1927இல் அமைக்கப்பட்ட சாலை மேம்பாட்டுக் குழு, சாலைகளின் சுமை உள்ளாட்சிகளின் வலிமையை மீறிவிட்டது என்று கண்டது. அதன் பரிந்துரையால் பெட்ரோல் மீது கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டு, 1929இல் மத்திய சாலை நிதி தோன்றியது. எரிபொருளை எரிப்பவரிடம் பெற்றுச் சாலைக்குத் தருவது என்ற நேரிய தர்க்கம் அதில் இருந்தது.

நீதிமன்றமும் ஒரு காலத்தில் இத்தர்க்கத்தை ஏற்றது. ராஜஸ்தான் மோட்டார் போக்குவரத்து நிறுவனம் தொடுத்த வழக்கில் 1962இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாகன வரியைச் ‘ஈடுசெய் வரி’ என்ற வகையில் வைத்துப் பேசியது: சாலை என்ற வசதியைப் பயன்படுத்துவோர் அதற்கு ஈடாகச் செலுத்துவது என்பதே அதன் கருத்து. அரை நூற்றாண்டுக்கும் மேல் நிலவிய அக்கோட்பாட்டை, 2016 நவம்பரில் ஜிந்தால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் கைவிட்டது. வரி என்றால் வரிதான். அதற்கும் ஒரு குறிப்பிட்ட சேவைக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை என்பது இன்றைய நிலை. சட்ட நோக்கில் அத்தீர்ப்புக்கு வலுவான காரணங்கள் உண்டு. அதன் விளைவு ஒன்றையும் காண வேண்டும். வாகன வரியைச் சாலைக்குச் செலவிட்டே ஆக வேண்டும் என்று இனி எவரும் நீதிமன்றத்தில் எளிதில் வாதிட முடியாது. உரிமையை நிலைநாட்டும் இடம் நீதிமன்றத்திலிருந்து சட்டமன்றத்துக்கு மாறிவிட்டது.

ஆனால் பொறுப்பு மட்டும் நீதிமன்றத்தில் நாளுக்கு நாள் இறுகுகிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் அளித்த தீர்ப்பு, குழிகளாலும் திறந்த சாக்கடைகளாலும் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு ஆறு லட்சம் ரூபாய் இழப்பீடு தரப்பட வேண்டும் என்றும், அதைத் தவறிழைத்த அதிகாரிகளிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் வசூலிக்கலாம் என்றும் கூறியது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. பாதுகாப்பான சாலை வாழ்வுரிமையின் பகுதி என்ற நிலைப்பாடு ஹைதராபாத்துக்கும் வந்து சேரத்தான் போகிறது. வந்து சேரும்போது இழப்பீட்டுக்கான அறிவிப்பு சென்று சேரும் முகவரி மாநகராட்சியினுடையதாகவே இருக்கும். வாகன வரி சென்று சேரும் முகவரி மாறியிராது.

இனி ஹைதராபாத்தில் உண்மையில் பராமரிப்பு எவ்வாறு நடைபெற்றது என்று பார்க்கலாம். 2007 ஏப்ரலில் பழைய மாநகராட்சியோடு சுற்றியிருந்த 12 நகராட்சிகளையும் 8 ஊராட்சிகளையும் இணைத்துப் பெருநகர மாநகராட்சி உருவாக்கப்பட்டது. அதன் சாலைகளின் நீளம் ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர். அவற்றுள் முதன்மையான 709 கிலோமீட்டரை மட்டும் தேர்ந்து, ஐந்தாண்டுக்குத் தனியார் நிறுவனங்களிடம் முழுப் பராமரிப்புக்கு ஒப்படைக்கும் திட்டம் 2019இன் இறுதியில் வகுக்கப்பட்டது. மதிப்பு 1,839 கோடி ரூபாய். கணக்கிட்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 52 லட்சம் ரூபாய். குழி விழுந்தபின் ஒட்டுப் போடுவதைவிட, ஐந்தாண்டும் குழி விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் சுமத்துவது மேலான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மொத்த நீளத்தில் சுமார் எட்டு விழுக்காடே. எஞ்சிய சாலைகள் பழைய முறையிலேயே இருந்தன.

மேலும், பராமரிப்புக்கென்று நிலையான வருவாய் ஒன்று இல்லாத நகராட்சி கடனை நாடும். மேம்பாலங்களும் சுரங்கப் பாதைகளும் அடங்கிய பெருஞ்சாலைத் திட்டத்துக்காக ஹைதராபாத் மாநகராட்சி 2018 பிப்ரவரியில் 200 கோடி ரூபாய்க்குப் பத்திரங்களை வெளியிட்டது, வட்டி 8.9 விழுக்காடு. அதே ஆண்டு ஆகஸ்டில் 195 கோடி, வட்டி 9.38 விழுக்காடு. 2019 ஆகஸ்டில் 100 கோடி, வட்டி 10.23 விழுக்காடு. பதினெட்டே மாதங்களில் வட்டி ஏறிய வேகம் தனியே ஆராயத்தக்கது. மேம்பாலம் கட்டக் கடன் வாங்குவதைக்கூட ஏற்கலாம். அது பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் மேம்பாலத்தின் வட்டி ஆண்டுதோறும் முதலில் எடுத்துக்கொள்ளப்படும்போது, எஞ்சியதிலிருந்துதான் தெருவின் ஒட்டுப் பணிக்குப் பங்கு வருகிறது. திறப்பு விழா மேம்பாலத்துக்கு உண்டு. வடிகாலைத் தூர்வாரிச் சாலையின் ஓரத்தைச் செப்பனிடுவதற்குத் திறப்பு விழா இல்லை.

வருவாயின் மறுபுறமான சொத்துவரியும் முழுக்க நகரத்தின் கையில் இல்லை. 2020 டிசம்பர் தேர்தலுக்குச் சற்று முன், தீபாவளியன்று, பதினைந்தாயிரம் ரூபாய் வரை சொத்துவரி கட்டும் குடியிருப்புகளுக்கு அவ்வாண்டின் வரியில் பாதி தள்ளுபடி என்று மாநில அரசு அறிவித்தது. பெருந்தொற்றும் வெள்ளமும் வாட்டிய ஆண்டில் மக்களுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு நகரத்தின் வரியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு இருக்குமாயின், அந்நகரத்தின் சாலைக்குப் பணம் தரும் கடமையும் அதன் பின்னால் வர வேண்டும்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் உண்டு, மூன்றும் மதிக்கத்தக்கவை.

முதலாவது கிராமத்தின் மறுப்பு. அடிலாபாத்தின் மலைக் கிராமத்தில் மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் வரச் சாலையில்லாதபோது, மாநில நிதி ஏன் ஹைதராபாத்தின் குழிக்குச் செல்ல வேண்டும்? ‘ஹைதராபாத்தான் மாநிலத்தின் வருவாயில் பெரும்பகுதியைத் தருகிறது, ஆகவே அதற்கே முதலில்’ என்று நகரத்தவர் சொல்லும் பதில் தவறானது. அதே தர்க்கத்தைப் பிடித்தால் ஏழை மாவட்டத்துக்கு எதுவும் மிஞ்சாது. சரியான பதில் வேறு. கேட்கப்படுவது மாநிலத்தின் பொது வருவாயில் பங்கு அன்று. வாகன வரி என்ற ஒரு குறிப்பிட்ட வரியில், சாலையின் தேய்மானத்துக்கு ஏற்ற பங்கு. அந்தப் பங்கு ஹைதராபாத்துக்கு மட்டுமன்றி, வாரங்கலுக்கும் கரீம்நகருக்கும் அடிலாபாத்தின் ஊராட்சிக்கும் உரியதாக எழுதப்பட வேண்டும். விதி எழுதப்பட்டால் ஊராட்சியும் அதைக் காட்டிக் கேட்கலாம். விதியில்லாத இடத்தில் தலைநகரமே அமைச்சரின் காதுக்கு அருகில் இருக்கிறது; மலைக் கிராமம் தொலைவில் இருக்கிறது. ஆகவே விதி கிராமத்துக்கே கூடுதல் காவல்.

இரண்டாவது பொறுப்பைப் பற்றியது. மாநிலம் பணம் தரத் தொடங்கினால் மாநகராட்சி தன் பணத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒப்பந்தக்காரர் மட்டுமே பயனடைவார், ஊழல் கூடும். இது கற்பனை அச்சமன்று. ஆகவே பங்குக்கு நிபந்தனைகள் வேண்டும். மாநகராட்சி தன் சொந்த வருவாயிலிருந்து சாலைக்குச் செலவிட்டு வந்த அளவைக் குறைக்கக் கூடாது. பணம் பராமரிப்புக்கும் வடிகாலுக்கும் நடைபாதைக்கும் மட்டுமே. புதிய மேம்பாலத்துக்குச் செல்லக் கூடாது. எந்தச் சாலைக்கு எப்போது எவ்வளவு செலவிடப்பட்டது, உத்தரவாதக் காலம் என்று முடிகிறது என்பவை வட்டம் வட்டமாகத் தெலுங்கிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட வேண்டும். சாலையை வெட்டும் வாரியம் அதை மூடும் செலவை முன்பணமாகக் கட்ட வேண்டும்.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. நகரச் சாலைக்கு மாநிலப் பணம் தருவது காரில் செல்வோருக்குத் தரும் மானியமே. நடப்போருக்கும் பேருந்தில் செல்வோருக்கும் அதனால் என்ன பயன்? இதை எதிர்கொள்ள, சாலைகளை அவற்றின் பணியை வைத்துப் பிரிக்க வேண்டும். சென்னை மாநகராட்சியில் ‘பேருந்து தடச் சாலை’, ‘உட்புறச் சாலை’ என்ற பாகுபாடு நெடுங்காலமாக உண்டு; அண்ணா சாலை போன்ற சில பெருஞ்சாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறையே பராமரிக்கிறது. தமிழ்நாடு நகர்ப்புறச் சாலைகளுக்கென்று மாநில நிதியில் தனித் திட்டங்களையும் வகுத்திருக்கிறது. அவையும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் திட்டங்களாகவே உள்ளன என்பது அவற்றின் குறை. ஆயினும் பாகுபாடு சரியானது. பேருந்தும் கடந்துசெல்லும் சரக்குந்தும் ஓடும் சாலைக்கு வாகன வரியின் பங்கு. குடியிருப்போர் மட்டும் பயன்படுத்தும் தெருவுக்குச் சொத்துவரி. இப்படிப் பிரித்தால் மாநிலப் பணம் முதலில் சென்று சேர்வது பேருந்துப் பயணியின் தடத்துக்கு. 2023 டிசம்பர் 9 முதல் கட்டணமின்றிப் பேருந்தில் பயணம் செய்யும் தெலங்கானாப் பெண்களுக்கு, பேருந்து குழியில் இறங்கி ஏறாமல் உரிய நேரத்தில் சென்று சேர்வதும் அந்தத் திட்டத்தின் பகுதியாகவே தோன்றும்.

அத்தகைய விதி எங்கேனும் உண்டா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1951இல் இயற்றிய 51ஆம் எண் சட்டம், எரிபொருள் வரியும் வாகனப் பதிவுக் கட்டணமும் சேரும் நிதியைப் பிரிக்கும் முறையை எழுதிவைத்திருக்கிறது. சில முன்கழிவுகளுக்குப் பிறகு, 39.1 விழுக்காடு மாநிலச் சாலைகளுக்கு, 39.1 விழுக்காடு மாவட்டச் சாலைகளுக்கு, 21.8 விழுக்காடு நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும். நகரப் பங்கு மக்கள்தொகையையும் சாலை நீளத்தையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. பெருந்தெரு, உள்ளூர்த் தெரு என்ற பாகுபாடும் உண்டு. மிச்சிகனின் சாலைகள் புகழ்பெற்றவை அல்ல. சாலை கெட்டிருக்கிறது என்ற குறை அங்கும் தேர்தல் முழக்கமாகும் அளவுக்கு உண்டு. சூத்திரம் மட்டும் சாலையைச் செப்பனிட்டுவிடாது. நிதியின் மொத்த அளவும் போதுமானதாக இருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரு சிற்றூரின் தலைவர் தமக்கு வர வேண்டியதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும். அமைச்சரின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஹைதராபாத்துக்கு இந்தக் கேள்வி இப்போது அவசரமானது. 2025 டிசம்பரில் சுற்றுப்புற நகராட்சிகளும் மாநகராட்சிகளுமாக 27 அமைப்புகள் பெருநகரத்தோடு இணைக்கப்பட்டன. பரப்பு ஏறத்தாழ மும்மடங்கு ஆயிற்று. எல்லைகளை எவ்வாறு மாற்றி வகுத்தாலும் அச்சாலைகள் எவரேனும் ஒரு நகராட்சியின் கணக்கில் வந்தே தீரும். அதற்கு முன்பே, 2023இல், 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை முப்பது ஆண்டுகளுக்கு 7,380 கோடி ரூபாய்க்குத் தனியாரிடம் குத்தகைக்கு விடப்பட்டது. வெளிவட்டத்தில் சுங்கம் கட்டி வரும் சரக்குந்து இறுதியில் இறங்குவது நகரத்தின் உட்சாலையில்தான். அந்தப் பெருந்தொகையில் உட்சாலைக்கு எவ்வளவு என்று கேட்க நகரத்தின் கையில் எந்த விதியும் இல்லை.

இறுதியாக, அந்தச் சொல்லுக்குத் திரும்பலாம். தென்மாநிலங்கள் ஒன்றிய அரசிடம் பேசும்போது மிகக் கவனமாகச் சொற்களைத் தேர்கின்றன. நிதி ஆணையம் பகிர்ந்தளிப்பதை அவை ‘உதவி’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. ‘எங்கள் பங்கு’ என்கின்றன. பகிர வேண்டாத மேல்வரிகளாக ஒன்றிய அரசு எரிபொருளில் வசூலிப்பதைக் கண்டிக்கின்றன. பதினைந்தாவது நிதி ஆணையக் காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு என்றும் தெலங்கானாவின் பங்கு 2.102 விழுக்காடு என்றும் மூன்று பதின்மத் துல்லியத்தோடு சொல்லிக் குறைபட முடிகிறது. குறைபட முடிவதற்குக் காரணமே, எண் எழுதப்பட்டிருப்பது. டெல்லியிடம் பங்கு என்று கேட்கும் அதே மாநிலம், தன் நகரங்களிடமும் ஊராட்சிகளிடமும் பேசும்போது ‘உதவி’, ‘சிறப்பு நிதி’, ‘முதல்வரின் அறிவிப்பு’ என்ற சொற்களுக்கு மாறிவிடுகிறது. உதவி பெறுகிறவர் நன்றி சொல்ல வேண்டும். பங்கு பெறுகிறவர் கணக்குக் கேட்கலாம். அவரிடமும் கணக்குக் கேட்கலாம்.

அந்த முதிய இணையர் தம் ஓய்வூதியத்தில் செய்தது உண்மையான உதவி. அதற்கு நகரம் நன்றி சொல்ல வேண்டும். மாநில அரசு தன் வாகன வரியிலிருந்து தர வேண்டியது அவ்வகையைச் சேர்ந்ததன்று. அரசியலும் சட்டமும் பொருளியலும் பொறியியலும் பயிலும் ஆய்வாளர்கள், மாநில நிதி ஆணையத்தின் முன் வைக்கத்தக்க ஓர் எளிய கோரிக்கை இதிலிருந்து பிறக்கிறது: வாகன வரியில் உள்ளாட்சிச் சாலைப் பராமரிப்புக்கு எத்தனை விழுக்காடு என்று ஓர் எண்ணைச் சட்டத்தில் எழுத வேண்டும். அந்த எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதப்பட்ட எண்ணைப் பற்றி மட்டுமே குடிமக்கள் வாதிட முடியும்.